வாசலுக்குப் போகாத புடவை

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். வேறு யாராவது சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். கண்ணும் கூர்மைதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கொடைக்கானல் மேல்மலையில் பூண்டு போடுகிற வீட்டில் பிறந்து, பாவாடை கட்டிய நாளிலிருந்து பூண்டு தரம் பிரித்தவள் நான். தோலில் ஓடும் ஊதா ரேகையைப் பார்த்தே எந்த வயல் பூண்டு, எத்தனை நாள் புகையில் தொங்கியது என்று சொல்லிவிடுவேன். வியாபாரி வந்தால் மூட்டையை அவிழ்க்கும் முன்பே என்னைத்தான் தேடுவார். அதனால் நிறம் என்றால் நான்தான் என்று வீட்டில் ஒரு பேச்சு உண்டு. அதிகமாக அந்தப் பேச்சைப் பேசியதும் நான்தான்.

எழுபத்தாறோ எழுபத்தேழோ, என் தம்பிக்குக் கீழ்மலைப் பண்ணைக்காட்டில் பெண் முடிவானது. அவர்கள் கொஞ்சம் காப்பியும் மிளகும் வைத்திருந்தவர்கள். கூறைப் புடவை எடுப்பது மாப்பிள்ளை வீட்டார் பொறுப்பு. ஆனால் எடுக்கும்போது இரண்டு வீட்டுப் பெண்களும் கூட இருக்க வேண்டும். மேலேயிருந்து அம்மாவும் நானும் இறங்க, பண்ணைக்காட்டிலிருந்து பெண்ணின் அம்மா இறங்க, வத்தலக்குண்டில் சந்திப்பதாக ஏற்பாடு.

எங்கள் வகையறாவில் கூறைக்கு அரக்கு நிறம்தான். நீலம், ஊதா, கறுப்பு எது கலந்தாலும் ஆகாது. ஏன் ஆகாது என்று யாரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. இன்னொரு வழக்கமும் உண்டு. எடுத்த கூறையை வீட்டுச் சாமி முன்னால் வைத்துக் கும்பிடும்வரை வெயில் படப் பிரிக்கக் கூடாது. கண் பட்டுவிடுமாம்.

கடை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்தது. ரயில் பெட்டி மாதிரி நீளம். முன்னால் வேட்டி, துண்டு; பட்டு கடைசியில். அங்கே ஜன்னல் கிடையாது. தலைக்கு மேலே இரண்டு குண்டு பல்புகள் மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தன. வெளியே பன்னிரண்டு மணி வெயில். மலைக்காரிகளான எங்களுக்கு அந்தப் புழுக்கத்தில் மூச்சு முட்டியது. மூன்று மணி பஸ்ஸை விட்டால் கொடைக்கானல் போய் அங்கிருந்து ஊர் போய்ச் சேர முடியாது என்ற கவலை வேறு.

இருபது புடவை தள்ளிய பிறகு அது வந்தது. நல்ல கனம், நல்ல அரக்கு. கரையில் ஜரிகை மாங்காய் வரிசை. முந்தி முடிகிற இடத்தில் ஒரு மாங்காய் மட்டும் வால் இல்லாமல் மொட்டையாக நின்றது. அதைக் கடைக்காரரிடம் காட்டி விலையில் கொஞ்சம் குறைத்தேன். என் கண்ணுக்குத் தப்பாது என்று அம்மாவைப் பார்த்துச் சிரித்தேன்.

அப்போதுதான் பெண்ணின் அம்மா மெல்லக் கேட்டார். முறைப்படி எனக்கு அத்தை. அதிகம் பேசாதவர்.

"தாயி, ஒரு எட்டு வாசல்ல கொண்டுபோயி பாத்துட்டு வந்துருவமா? இங்கன வெளிச்சம் மஞ்சளாக் கெடக்கு."

எனக்குச் சுருக்கென்றது. புடவையை மடியில் வைத்துக்கொண்டேன்.

"என்னத்தை, கூறைப் பொடவையைக் கொண்டுபோயி நடுத்தெருவுல விரிக்கவா? போறவன் வர்றவன் கண்ணெல்லாம் படவா? அரக்கு எது, மத்தது எதுன்னு தெரியாதவன்னு நெனச்சிட்டீங்களா என்னைய?"

"இல்ல தாயி. சும்மா சொன்னேன்."

"அக்காவுக்குத் தெரியாததா" என்று கடைக்காரர் அவசரமாகப் புடவையை மடித்தார். அந்த அவசரத்தையாவது நான் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை. ஜெயித்த திமிரில் இருந்தேன்.

வீட்டுக்கு வந்து, சாமி முன்னால் வைத்துப் பிரித்தோம். எங்கள் மேல்மலை வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். குளிருக்குப் பயந்து ஜன்னலே வைக்காமல் கட்டியவை. உத்திரத்தில் பூண்டுக் கட்டுகள் தொங்கும், அடியில் புகை நிற்கும், பட்டப்பகலில் விளக்கேற்றினால்தான் முகம் தெரியும். அந்த எண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் புடவையைப் பார்த்த பங்காளி வீட்டுப் பெண்கள் எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். "அரக்குன்னா இது அரக்கு" என்றார் பெரியம்மா. மறுபடி மஞ்சள் துணியில் சுற்றி, ஜாக்கெட் தைப்பதற்காக, கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னால் பெண் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன். போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. அத்தை வாங்கி உள்ளே வைத்தார். ஆக, அந்தப் புடவையை எங்கள் பக்கத்து ஆள் ஒருவர்கூடப் பகல் வெளிச்சத்தில் பார்க்கவில்லை. இதை அப்போது யாரும் யோசிக்கவில்லை.

கல்யாணம் பெண் வீட்டில். முந்தின நாள் மத்தியானம் ஒரு லாரி நிறைய நாங்கள் போய் இறங்கினோம். காப்பி காயப் போடுகிற களத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். மேகம் தாழ்ந்திருந்தது. வெயில் இல்லை, மழையும் இல்லை, வெள்ளையாக ஒரு வெளிச்சம் மட்டும்.

பெண் வீட்டார் கூறையைத் தாம்பாளத்தில் வைத்துக் கொண்டுவர, மாப்பிள்ளையின் அக்கா அதை வாங்கிப் பிரித்துச் சபைக்குக் காட்ட வேண்டும். அது என் மரியாதை. புதுச் சேலை சரசரக்க எழுந்து போனேன். அத்தை தாம்பாளத்தை நீட்டிவிட்டு விலகாமல் அங்கேயே நின்றார். மஞ்சள் துணியை விலக்கினேன்.

உள்ளே இருந்தது கத்திரிப்பூ நிறம்.

நீலம் ஏறிய, நன்றாகப் பழுத்த கத்திரிக்காய்த் தோலின் நிறம். நான் வாய் திறக்கும் முன் என் தோளுக்குப் பின்னாலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"இது எங்க பொடவை இல்ல."

பெண்ணின் அப்பா முன்னால் வந்தார்.

"என்ன தங்கச்சி சொல்றீங்க? நீங்க குடுத்ததுதான். பொட்டியை விட்டு வெளிய எடுக்கவே இல்லையே, தையக்காரர்கிட்டப் போனதைத் தவிர."

"நாங்க குடுத்தது அரக்குண்ணே. எங்க வீட்ல பத்துப் பேரு பாத்துருக்காங்க. இது ஊதா. பொடவையை மாத்தி வெச்சிட்டு எங்க தலையில கட்டுறீங்களா?"

என் தாய்மாமன் நல்ல மனிதர், ஆனால் முன்கோபி. சபையில் கோபப்பட ஒரு சந்தர்ப்பம் கிடைத்தால் விடமாட்டார். துண்டை உதறித் தோளில் போட்டார். "கூறையிலயே திருட்டுப் புத்தி காட்டுற வீட்ல பொண்ணெடுத்து என்ன பண்ண? ஏலே, லாரிக்காரனை வண்டியத் திருப்பச் சொல்லுங்கடா!"

பெண்ணின் அப்பாவுக்கு முகம் கறுத்துவிட்டது. அறுபதை நெருங்கிய மனிதர், பந்தல் நடுவில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "நான் கும்புடுற சாமி மேல சத்தியமா மாத்தலைங்க" என்று கை கூப்பினார். அவர் பக்கத்து ஆட்களும் சும்மா இல்லை. "நீங்கதான் மட்டமானதைக் குடுத்துட்டு இப்ப எங்களைத் திருடனாக்குறீங்க" என்று ஒருவர் கத்தினார். தம்பி மாலைக்கு அளவு கொடுத்தபடி நின்ற இடத்திலேயே நின்றான். இரண்டு பக்கமும் வேட்டியை மடித்துக் கட்டுகிற நேரம் வந்துவிட்டது. அந்த லாரி திரும்பினால் அந்தப் பெண்ணுக்கு வேறு கல்யாணம் கிடையாது. கூறையைத் திருடிய வீட்டுப் பெண் என்று கீழ்மலை மேல்மலை இரண்டிலும் பேசுவார்கள். அது எல்லோருக்கும் தெரியும்.

இத்தனைக்கும் நடுவில் என் விரல் கரையைத் தடவிக்கொண்டே போயிற்று. முந்தி முடிகிற இடம். மாங்காய், மாங்காய், மாங்காய், அப்புறம் வால் இல்லாத ஒன்று.

அதே புடவை.

குண்டு பல்பு, மஞ்சள் வெளிச்சம், "ஒரு எட்டு வாசல்ல" என்று கேட்ட குரல், என் பதில், எல்லாம் வரிசையாக வந்து நின்றன. நிமிர்ந்தேன். அத்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாக இல்லை. காத்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரிந்திருக்கிறது, நான் சொல்வேன் என்று நிற்கிறார் என்பது அந்த நொடியிலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

"நீ சொல்லு தாயி" என்று மாமா என் பக்கம் திரும்பினார். "நீதான எடுத்த? நீ எடுத்த நெறமா இது?"

அத்தனை முகங்களும் என்மேல். பூண்டு தரம் பிரிக்கிறவள், நிறம் என்றால் நான்தான் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவள்.

"நான் எடுத்தப்ப நெறம் இப்படி இல்ல மாமா" என்றேன்.

பொய் இல்லை. ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அதைவிடப் பெரிய பொய்யை நான் என் வாழ்நாளில் சொன்னதில்லை.

"கேட்டீங்களா!" என்று மாமா குதித்தார். அம்மா தலையில் அடித்துக்கொண்டார். எங்கள் ஆட்கள் சீர்த் தட்டுகளை எடுத்து லாரிப் பக்கம் நடக்க ஆரம்பித்தார்கள். அத்தை கண்களைத் தாழ்த்திக்கொண்டார். நான் வாலில்லாத அந்த மாங்காயைக் கட்டைவிரலால் மூடியபடி நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒரு லோட்டா காப்பி ஆறுகிற நேரம் இருக்கும். எனக்குத் தெரிந்தும் நான் நின்ற நேரம் அது.

அப்போது வீட்டுக்குள்ளிருந்து கல்யாணப் பெண்ணே வந்தாள். சபை நடுவில் பெண் வருகிற வழக்கம் இல்லை; யாரோ "ஏய், உள்ள போ" என்று அதட்டினார்கள். அவள் காதில் வாங்காமல் நேரே என்னிடம் வந்தாள்.

"மதினி, கொஞ்சம் உள்ள வாங்க. பொடவையோட வாங்க."

பின்னாலேயே போனேன். காப்பிக்கொட்டை மூட்டை அடுக்கிய அறை. ஜன்னல் இல்லை. அவள் கதவைச் சாத்தி, மூலையில் தயாராக எரிந்துகொண்டிருந்த அரிக்கேன் விளக்கைத் தூக்கிப் பிடித்தாள்.

என் கையில் அரக்குப் புடவை இருந்தது.

"பகல்ல ஊதா, ராத்திரி அரக்கு" என்றாள். "தையக்காரரு வாசல்ல வெச்சுப் பாத்தப்ப அம்மா பயந்தே போயிட்டாக. நீங்க மாத்திக் குடுத்துட்டீங்கன்னுதான் நெனச்சோம். மாப்பிள்ளை வீட்ல போயி அதை எப்படிக் கேக்குறது? அழுதுக்கிட்டே ராத்திரி எடுத்துப் பாத்தேன். அப்பதான் தெரிஞ்சுச்சு. அப்பாகிட்டக்கூடச் சொல்லலை."

"அங்கயே சொல்லியிருக்கலாமே" என்றேன். என்ன கேள்வி!

"நான் சொன்னா எடுபடுமா மதினி? திருட்டை மறைக்கக் கதை சொல்றான்னுவாக. நீங்க சொன்னா நிக்கும். வெரசாப் போங்க, லாரியைக் கெளப்பிருவாக."

வெளியே லாரியின் எஞ்சின் உறுமத் தொடங்கிவிட்டது. ஓடினேன். கல்யாண வீட்டில் புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு பெண் அப்படி ஓடி யாரும் பார்த்திருக்கமாட்டார்கள். மாமாவின் கையைப் பிடித்து இழுத்தேன், அம்மாவை இழுத்தேன், மூட்டை அறைக்குள் தள்ளினேன். "பாருங்க! இது என்ன நெறம்? இப்ப வெளிய வாங்க. இது என்ன நெறம்? மறுபடி உள்ள வாங்க!" அம்மா மூன்று தடவை போய் வந்தார். மாமா விளக்கைத் தன் கையில் வாங்கி, கண்ணைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். வாலில்லாத மாங்காயைக் காட்டினேன். கடையில் அதைக் காட்டி நான் விலை குறைத்தது அம்மாவுக்கு நினைவிருந்தது. லாரி எஞ்சினை நிறுத்தச் சொன்னார்கள். அப்புறம் இரண்டு பக்கத்து ஆட்களும் ஐந்து ஐந்து பேராக அறைக்குள் போய்ப் போய் வந்தார்கள்.

"வெளக்கைப் போட்டு ஏமாத்திட்டான் மாமா, அந்தக் கடைக்காரன்" என்றேன். எனக்குக் குரல் திரும்பிவிட்டது.

"அடப் படுபாவி! அது சரி, அங்கனயே வாசல்ல வெச்சுப் பாத்திருக்கலாமே? மூணு பொம்பளைக போனீங்களே, ஒருத்திக்குக் கூடவா தோணலை?"

இந்தக் கேள்வியைத்தான் நான் பயந்துகொண்டிருந்தேன். அம்மாவைப் பார்த்தேன். அவர் முகத்தில் ஈயாடவில்லை. அவருக்கும் நினைவிருக்கிறது, ஆனால் மகளைக் காட்டிக்கொடுக்கமாட்டார். அத்தை எதிரில்தான் நின்றார்.

"கூறைப் பொடவையைத் தெருவுல விரிக்கலாமா மாமா?" என்றேன். மறுபடியும் பொய் இல்லாத ஒரு வாக்கியம்.

மாமா அத்தையைப் பார்த்தார். ஒரு வார்த்தை போதும். "நான் கேட்டேன், அவதான் மறுத்தா" என்று சொன்னால் முடிந்தது, அவர் புருஷன் கை கூப்பி நின்றதற்கெல்லாம் பதில் கிடைத்துவிடும். அத்தை முந்தானையைச் சரிசெய்தார்.

"ஆமா" என்றார். "அது எப்படி விரிக்கிறது? எங்களுக்கும் தோணலை."

அவ்வளவுதான். சிரிப்பு கிளம்பியது. கடைக்காரனின் ஏழு தலைமுறையையும் எல்லோரும் சேர்ந்து திட்டினார்கள். இரண்டு வீடும் ஒன்றாகிவிட்டன. ஆனாலும் அம்மா ஊதாவில் தாலி ஏற விடமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தார். காலை ஏழு மணி முகூர்த்தத்தை விடிவதற்கு முன்னால் மாற்றினார்கள். பெட்ரோமாக்ஸ் விளக்குகளை மணவறையைச் சுற்றி நிறுத்தினார்கள். பெண் அரக்குப் புடவையில் வந்து உட்கார்ந்தாள். மலைக்குப் பின்னால் கொஞ்சம் வெளுக்கத் தொடங்கியதும் அம்மா நெளிந்தார், பூசாரியை விரட்டினார். நாத்தனார் முடிச்சு நான்தான் போட்டேன். முடிச்சு இரண்டு தடவை நழுவியதைப் பார்த்து, மதினிக்கு ஆனந்தம் என்றார்கள். வெளிச்சம் வருவதற்குள் பெண்ணை உள்ளே கூட்டிப்போய் வேறு புடவை மாற்றினோம்.

சாப்பாட்டுப் பந்தியில் அத்தைதான் எனக்குப் பரிமாறினார். "இன்னும் கொஞ்சம் போட்டுக்க தாயி" என்றார். சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். பக்கத்தில் ஆட்கள் இருந்தார்கள். அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று சாப்பிட்டேன்.

அந்த அப்புறம் வரவில்லை. காது குத்து, பொங்கல் சீர், திருவிழா என்று எத்தனையோ தடவை அத்தையைப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் நெஞ்சுக்குள் அது ஏறும், காப்பி வரும், இறங்கிவிடும். அவர் ஒருநாளும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. எடுத்திருந்தால்கூட எனக்கு எளிதாக இருந்திருக்கும். அத்தை மேல் எனக்குக் கோபம்கூட வந்திருக்கிறது, அநியாயமாக. எண்பத்தைந்தில், தை மாதக் குளிரில், நெஞ்சுச் சளி முற்றி அவர் போய்ச் சேர்ந்தார்.

அடுத்த வருடம் தம்பி மகளுக்குப் பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்குத் துணி எடுக்க, நானும் தம்பி மனைவியும் கொடைக்கானல் போனோம். புதுக் கடை. கூரை முழுக்க டியூப் லைட், வெள்ளை வெளேரென்று. கடைப் பெண் "லேட்டஸ்ட் கலர் மேடம்" என்று ஒரு பாவாடைத் துணியை விரித்தாள். பச்சையா நீலமா என்று எனக்குப் பிடிபடவில்லை. தம்பி மனைவி என் முகத்தைப் பார்த்தாள்.

"வாசல்ல கொண்டுபோயி பாத்துருவோம்" என்றேன்.

எழுந்து வந்தாள். வெளியே ஏரிப் பக்கமிருந்து மேகம் ஏறிக்கொண்டிருந்தது. அவள் ஒரு முனையைப் பிடித்தாள், நான் ஒரு முனையை. பச்சைதான்.

"அன்னைக்கு எங்கம்மா சொன்னதும் இதைத்தான் மதினி" என்றாள்.

துணி என் கையில் கனத்தது. "உனக்குத் தெரியுமா?"

"கடையில இருந்து வந்த அன்னைக்கே அம்மா சொன்னாக. உங்க மதினிக்குக் கோவம் சாஸ்தி, பாத்து நடந்துக்கன்னு."

பிறந்த வீட்டோடு இருந்துவிட்டவள் நான்; பத்து வருடம் அவளோடு ஒரே அடுப்படியில் புழங்கியிருக்கிறேன். ஒரு வார்த்தை, ஒரு ஜாடை காட்டியதில்லை அவள்.

"சொன்னாங்க" என்றேன். தெருவில் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள், குரலைத் தாழ்த்தவில்லை. "உங்கம்மா சரியாத்தான் சொன்னாங்க. நான்தான் திமிரு புடிச்சு வேணாம்னேன். உங்கப்பா கை கூப்பி நின்னப்பவும் தெரிஞ்சே நின்னேன். தப்பு என்னுது."

அவள் துணியை என் கையிலிருந்து வாங்கி, விளிம்போடு விளிம்பு சேர்த்து மடித்தாள். அவசரமே படவில்லை.

"இதை அம்மாகிட்டச் சொல்லியிருக்கணும் மதினி" என்றாள். "நீங்க வீட்டுக்கு வர்ற அன்னைக்கெல்லாம், காப்பியக் குடுத்துட்டு, கொஞ்ச நேரம் பக்கத்துலயே நிப்பாக."

பிறகு உள்ளே போய், அந்தப் பச்சைத் துணியிலேயே இரண்டரை மீட்டர் கிழிக்கச் சொன்னாள்.